திருப்பிக் கொடுக்காத குரல்

இறால் தடவுகிறவளுக்குக் கை இரண்டும் சேற்றில் இருக்கும், வாய் பறியைக் கடித்திருக்கும். பறி என்றால் பனையோலைக் கூடை. பிடித்த இறாலை அதில்தான் போடுவோம். பிறகு பேச வாய் ஏது? அதனால் எங்கள் பெண்கள் ஏரியில் ‘ம்ம்’ என்று மூக்கால் குரல் கொடுப்போம். இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். கேட்டவள் திருப்பி ஒரு ‘ம்ம்’ கொடுத்தாக வேண்டும்.

என் மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பேச்சும் வரவில்லை. பொன்னேரியில் டாக்டர் ஆட்டிசம் என்றார். ஆனால் இந்த ‘ம்ம்’முக்கு மட்டும் எங்கிருந்தாலும் பதில் கொடுப்பாள், குரல் வந்த பக்கம் நடந்தே வந்துவிடுவாள். பால்வாடி ஆயாவும் எங்கள் சனம்தான். சோறு கிளறிக்கொண்டே ‘ம்ம்’ என்பாள்; இவளும் ‘ம்ம்’ என்று கதவோரம் உட்கார்ந்திருப்பாள். அங்கே ஒரு தொல்லையும் இல்லை. அது ஏன் என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். டீச்சர் அனுப்பம்பட்டிலிருந்து வரும் சின்னப் பெண், கெட்டவள் இல்லை. ஆனால் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து அலுத்துப்போய், “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றாளாம். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்களாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். என் அண்ணன் பெண்டாட்டிதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சொம்மா இரு மே. நீ கத்திட்டு வந்துடுவ. நாளைக்கு அங்க போய்க் குந்தப் போறது புள்ளதானே?”

அந்த வாரமே ஒரு பகல். அண்ணியும் நானும் ஏரியில் இருந்தோம். தலை மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தேன். பின்னால் ‘ம்ம்’ என்று கேட்டது. அண்ணிதான் என்று நானும் ‘ம்ம்’ கொடுத்தேன். மறுபடி கேட்டது, கொஞ்சம் கிட்டத்தில். மறுபடி கொடுத்தேன். இறால் நன்றாக அகப்பட்ட நேரம், திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது எனக்கு முன்னால் அண்ணி செருமினாள். அண்ணி முன்னால் இருக்கிறாள் என்றால், பின்னால் யார்?

திரும்பினேன். ஐயோ! சாப்பாட்டு மணி அடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நழுவி, ‘ம்ம்’மைத் தேடி வந்திருக்கிறாள் என் மகள். சீருடையோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் படகு போகத் தோண்டிய பள்ளம், ஆளே முழுகும் ஆழம். நான் குரல் கொடுக்கக் கொடுக்க அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்திருக்கிறாள்.

கத்தினால் காதைப் பொத்திக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடுவாள், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. அண்ணிக்குக் கையைக் காட்டிவிட்டுப் பறியை அழுத்திக் கடித்தேன். அவள் ‘ம்ம்’ என்றாள். நான் கொடுக்கவில்லை. மறுபடி ‘ம்ம்’. கொடுக்கவில்லை. நின்றுவிட்டாள். அண்ணி சுற்றி நீந்திப் போய், பின்னாலிருந்து அவளை வாரித் தூக்கும்வரை, மகள் அழுகிற மாதிரி ‘ம்ம்’, ‘ம்ம்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெற்றவள் எதிரில் இருந்தும் மூச்சு விடவில்லை.

அந்தக் குரல் என்னை விடுவதில்லை. ஏரியில் இறங்கினால் இப்போதும் பின்னால் கேட்கிறது. திரும்பினால் வெறும் தண்ணீர். அண்ணிக்குக்கூட இப்போது நான் குரல் கொடுப்பதில்லை, பயமாக இருக்கிறது.

அது நடந்த மறுநாளே டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “பேரு கூப்புடாதீங்க டீச்சர். ம்ம்னு சொல்லிப் பாருங்க.” அவள் கண் கலங்கிவிட்டது. “நான்தான் அவள வெரட்டிட்டேனாம்மா?” என்றாள். அவள் மேலிருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

இன்று காலை மகளை வகுப்பில் விட்டுவிட்டுச் சுவரோரம் நின்றேன். நான் நிற்பது தெரிந்துவிட்டது போல. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ‘ம்ம்’ என்றாள். முந்தானையைக் கடித்துக்கொண்டேன். இன்னொரு ‘ம்ம்’. கொடுக்கவில்லை. கரும்பலகைப் பக்கமிருந்து டீச்சர் ‘ம்ம்’ என்றாள். என் மகள் கம்பியை விட்டுவிட்டு அந்தக் குரலைப் பார்த்து நடந்தாள்.