முத்தை விற்காத கோயில்பிள்ளை

"முத்து வித்த கோயில்பிள்ளையின் வாரிசு போய்ச் சேர்ந்தார்." செவ்வாய்க்கிழமை காலை என் வாசகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பியிருந்தார். சூசை அண்ணாச்சியின் சாவு எனக்கு இப்படித்தான் தெரிந்தது. அந்தப் பட்டத்தை அவருக்குக் கட்டிய பாவி நான்தான்.

அவரோடு பழகியவர்களே, மணப்பாட்டுப் பக்கத்துச் சின்ன மாதா கோயிலில் கோயில்பிள்ளையாக அவர் மணியடித்து, பீடத்தில் மெழுகுதிரி ஏற்றியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவர் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதே வேலை. என் மர்ம நாவலில், போர்த்துக்கீசியர் காலத்தில் அதே கோயிலின் கோயில்பிள்ளை ஒருவன் மாதாவின் மணிமுடியிலிருந்த முத்தைச் சுரங்கம் வழியாகக் கடத்தி விற்கிறான். 'இதிலுள்ள ஆவணங்கள் யாவும் உண்மை' என்று முன்னுரையில் ஒரு வரி. நான் ஒரு ஆவணத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. அண்ணாச்சியின் மகளுக்கு வந்த சம்பந்தம், "முத்து வித்த குடும்பமாம்லா" என்று திரும்பிப் போனது.

அதன்பின் ஒருநாள் தூத்துக்குடியில் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பயந்தேன். பையிலிருந்து என் நாவலை எடுத்து வைத்தார். பக்க ஓரமெல்லாம் பென்சில். முத்துக்குளிப்புக்கு எதிரே 'நடந்தது'. பரதவர் ஞானஸ்நானம் பெற்றதற்கு எதிரே 'நடந்தது'. ரகசியக் கடிதத்துக்கு எதிரே 'கதை'. சுரங்கத்துக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்.

"ஏலே, நம்மூரு மணல்ல ரெண்டு முழம் தோண்டுனா தண்ணி ஊறுது. உன் கோயில்பிள்ளை நீந்தியாலே போனான்?"

இருவரும் சிரித்துவிட்டோம். காப்பி குடித்தபின் சொன்னார்: "கத நல்லாத்தாம்லே இருக்கு, கீழ வைக்க முடியல. அந்த முன்னுர வரிய மட்டும் எடுத்துரு." புத்தகத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

நான் எடுக்கவில்லை. அந்த வரிதான் விற்கிறது என்றார் பதிப்பாளர், நானும் தலையாட்டினேன். ஒவ்வொரு பதிப்பு வந்ததும் அண்ணாச்சி போன் போடுவார். "இன்னும் இருக்குலே." அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

அடக்கத்தில் அவர் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்?

ஆகவே எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். சுரங்கம் இல்லை. கடிதம் இல்லை. அந்தக் குடும்பத்தில் எவரும் எந்த முத்தையும் விற்கவில்லை. எழுத்தாளன் விலைபோய்விட்டான், உண்மையை மறைக்கிறான் என்று சிலர் கிளம்புவார்கள். கிளம்பட்டும், வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வரி இல்லாமல் அடுத்த பதிப்பு கிடையாது என்கிறார் பதிப்பாளர். வேண்டாம், போங்கள்!

அண்ணாச்சியின் பென்சில் பிரதி என்னிடம் இருக்கிறது. புத்தகம் முழுக்கக் குறித்தவர், முன்னுரை வரிக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதாமல் எனக்காக விட்டிருந்தார். அடக்கம் முடிந்து வந்ததும் அங்கே நானே எழுதினேன்: 'பொய்'. கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.