சீரியல் நம்பர் சரியாகத்தான் இருந்தது

பவர் டூல்ஸ் சர்வீஸ் சென்டர் கவுண்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவனுக்கு அலுப்பு வராமல் இருக்குமா? "ஆன்லைன்ல பாதி வெலைக்குக் கெடைக்குதுங்க, ஒரிஜினல்தானுங்களா?" என்று வாட்ஸ்அப்பில் தினமும் யாராவது கேட்பார்கள். கம்பெனி டீலரே இல்லாத எவனோ விற்பான். கெட்டுப்போனால் எங்கள் தலையில் வந்து விடியும்.

மேட்டுப்பாளையத்தில் கேட் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஆரோக்கியராஜும் அப்படித்தான் கேட்டார். விற்பவன் காட்டிய, இரும்பு அறுக்கும் கை கிரைண்டரின் ஸ்டிக்கர் படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். அன்றைக்குக் கவுண்டரில் நல்ல கூட்டம். சீரியல் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினேன், இருந்தது. "கம்பெனி சரக்குதானுங்க, வாங்கிக்கலாம்" என்று பதில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து நேரில் வந்தார். இடது கையில் கட்டு. வலது கையில் ஒரு சாக்குப்பை, அதற்குள் அந்த கிரைண்டர்.

"வாரண்டி கேக்க வரலீங்ண்ணா. சுவிட்ச ஆஃப் பண்ணியும் நிக்கலீங்க. பிளக்கைப் புடுங்கலாம்னு திரும்புனேன், கைய அறுத்துப்போட்டுது. ரெண்டு வெரல் இனி மடங்காதுன்னு டாக்டர் சொல்றாருங்க. இது ஒரிஜினல்தானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

திறந்தேன். வெளியே பாடி, கலர், ஸ்டிக்கர் எல்லாம் எங்கள் மிஷினைப் போலவே இருந்தன. உள்ளே இருந்தது எங்கள் கம்பெனி சுவிட்சே இல்லை; கரண்டைத் துண்டிக்க வேண்டிய பாயின்ட் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

"டூப்ளிகேட்டுங்க" என்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப இன்னொண்ணுங்க?" என்றார். "நீங்க சொன்னீங்கன்னு ரெண்டா வாங்கிப்போட்டேன். ஒண்ணு தொண்டாமுத்தூர்ல என்ற மச்சான்கிட்ட இருக்குது. இன்னிக்கு ஷெட் வேலைக்கு எடுத்துட்டுப் போயிருக்கறான்."

உடனே மச்சானுக்குப் போன் போடச் சொன்னேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கிரைண்டர் ஓடும்போது போன் சத்தம் யாருக்குக் கேட்கும்? நான்காவது தடவை எடுத்தார். ஆரோக்கியராஜ் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ள, அந்த கிரைண்டரைத் தொடாதே."

"இப்பத்தான் நிறுத்துனனுங்க மாமா. சுவிட்ச் கேக்க மாட்டேங்குது. ஒரு வாரமாவே பிளக்கைப் புடுங்கித்தான் நிறுத்தறேன்."

அதிலிருந்த சீரியல் நம்பரைப் படிக்கச் சொன்னேன். என் கையில் இருந்த மிஷினின் நம்பரேதான் அதிலும். ஒரு நம்பரைக் கம்பெனி ஒரு மிஷினுக்குத்தான் போடும்; ஏதோ ஒரிஜினலின் நம்பரை எவனோ காப்பியடித்து எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கிறான்.

"தப்பு என்னோடதுங்க, அன்னிக்குக் கவுண்டர்ல கூட்டம்னு நம்பரை மட்டும் பாத்துச் சொல்லிப்போட்டேன்" என்றேன் ஆரோக்கியராஜிடம்.

"அத்தன கூட்டத்துல கேட்டா நீங்களும் என்னங்க பண்ணுவீங்க" என்றார். ஒற்றைக் கையால் சாக்குப்பையைக் கட்டப் பார்த்தார், முடியவில்லை. நான் கட்டிக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் படம் வந்தால் நம்பரைத் தட்டிப் பார்ப்பதே இல்லை. "மிஷினைக் கொண்டு வாங்க, தொறந்து பாத்துத்தான் சொல்லுவேன்" என்று பதில் போடுகிறேன். எனக்குத் திமிர் ஏறிவிட்டது என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நம்பரை நம்பியது நான், மடங்காமல் போனது அவர் விரல்.