நெஞ்செரிவுக்கு உள்ளி ரசம்

என் கணவர் முதன்முதலில் நெஞ்சைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தது வயலில், களை பிடுங்கும்போது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றக் காணிக்கு நாங்கள் வந்து இரண்டாவது போகம் அது. ஐம்பதுகளின் கடைசி.

"நெஞ்சுக்குள்ளை எரியுதப்பா" என்றார்.

எங்கள் ஆட்களுக்கு நெஞ்சில் எது நடந்தாலும் அது வாயுதான். வாயுவுக்கு உள்ளி (பூண்டு) ரசம். உள்ளியும் மிளகும் தட்டிப்போட்டு, பழப்புளி கரைத்து, கொதிக்கக் கொதிக்க ஒரு செம்பு. அதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு. இரண்டு நேரமும் கொடுத்தேன். குடித்த கையோடு அவர் கட்டிலில் சரிவார். எரிவு போகாததால் மிளகைக் கூட்டினேன்.

இரண்டு மாதத்தில் சோறு நெஞ்சில் அடைக்கத் தொடங்கியது. அவருடைய தகப்பனார் தொண்டையில் புற்று வந்து, தண்ணீரும் இறங்காமல் போனவர். அதை நாங்கள் இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோனேன். வெள்ளைக் குழம்பு ஒன்றைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள்.

"புற்று இல்லையம்மா" என்றார் டாக்குத்தர். "வயித்துப் புளிப்பு மேலை ஏறி, களத்தைப் (உணவுக்குழாய்) புண்ணாக்கிப் போட்டுது. வீட்டிலை என்ன குடுக்கிறனீங்கள்?"

பெருமையோடு ரசத்தைச் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"இனி அதைக் குடுக்காதேங்கோ. சாப்பிட்ட உடனை குனியவும் படுக்கவும் விடாதேங்கோ. கட்டிலின்ரை தலைமாட்டை உயர்த்துங்கோ. புண் ஆற ஆறு, எட்டுக் கிழமை (வாரம்) செல்லும்."

திரும்பும் பஸ்ஸில் அவரைக் கேட்டேன். "ரசம் குடிக்கேக்கை எரியேல்லையே?"

"முதல் நாளே எரிஞ்சதுதான். நீர் புகைக்குள்ளை நிண்டு வைச்சது. எப்பிடி வேண்டாமெண்டுறது?"

பஸ் என்றும் பாராமல் அழுதேன்.

புளிப்பை அடக்க டாக்குத்தர் தந்த வெள்ளை மருந்தும் பத்தியமுமாக நாள் போனது. எட்டாவது கிழமை, தண்ணீர் குடிக்காமலே சோறு இறங்கியது. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சோற்றுக் கோப்பையை நீட்டினார். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு நிறைகிறது.

இன்று அதே நோய் எனக்கு. என்னைப் பார்க்கும் டாக்டர் விளக்கமாகச் சொல்கிறார். புளிப்புப் பட்டதும் களத்தின் சுவரிலுள்ள உயிரணுக்கள் (உடலின் மிகச் சிறிய கூறுகள்) ஆபத்து என்று செய்தி அனுப்புமாம். காக்க ஓடிவரும் வெள்ளணுக்களே அந்த இடத்தைச் சிவந்து வீங்க வைக்குமாம் (அழற்சி). அடியிலுள்ள அணுக்களோ பெருகிப் புதிய தோலை மேலே தள்ளும். சும்மா விட்டால் ஆறும். நாள்தோறும் புளிப்பு ஏறினால் அழற்சிதான் மிஞ்சும். உதவிக்கு வந்தவையே புண்ணாக்குகின்றன என்று கேட்டதும் சிரித்துவிட்டேன். அவருக்கு ஏனென்று விளங்கவில்லை.

கணவர் போய்ப் பல வருடமாகிறது. சாப்பிட்டபின் இரண்டு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். முன்பென்றால் அது வீண்பொழுது. இப்போது உள்ளே தோல் வளரும் பொழுது. அப்படி உட்கார்ந்திருக்கையில் அவர்மேல் ஆசையும் வருகிறது, கோபமும் வருகிறது. இரண்டு மாதம் வாய் திறக்காமல் எரிந்தாரே மனிதர்.

உங்கள் வீட்டிலும் அன்பாகத் தருவது எரித்தால் சொல்லிவிடுங்கள். தந்தவளுக்கு மனம் நோகும்தான். அது இரண்டு நாளில் ஆறிவிடும்.