நாணலுக்குப் பின்னால் இருந்த கண்

கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனதும் அண்ணி மூச்சை நிறுத்திவிடுவார். முதன்முதலில் அதை நான் கவனித்தது முக்கொம்புக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கரையில். கருவேலம் புதருக்குள் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது என்றார். எனக்கு முள்தான் தெரிந்தது. லென்ஸின் வளையத்தை இரண்டு விரல்களால், பழைய ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவதுபோல, மெல்லத் திருப்பினார். படத்தை எனக்குக் காட்டியபோது முட்களெல்லாம் புகையாகக் கரைந்திருந்தன. நடுவே மீன்கொத்தியின் கண் மட்டும் ஈரமாக மின்னியது. அவ்வளவு முட்களுக்குள்ளிருந்து அதை வெளியே கொண்டுவந்தது அந்த இரண்டு விரல்கள்தான் என்பதை நம்பவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அண்ணி என் கணவரின் அக்கா. திருமணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். கைலாசபுரத்தில் பாய்லர் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தார். அங்கே, பற்றவைத்த இரும்புக் குழாய்களின் எக்ஸ்ரே படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டி, மயிரிழை விரிசலைக்கூடக் கண்டுபிடிக்கிற வேலை. வாரம் முழுக்க இரும்பைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பறவைகளைப் பார்க்கக் கிளம்புவார். தனியாக ஆற்றங்கரைக்குப் போக வேண்டாமென்று என் கணவர் என்னைத் துணைக்கு அனுப்பினார். கே.கே. நகர் பள்ளியொன்றில் வணிகவியல் நடத்துகிறவள் நான். கேமராவைப் பற்றி எதுவும் தெரியாது. ஸ்கூட்டர் ஓட்டுவதும் ஸ்டாண்டைச் சுமப்பதும்தான் என் பங்கு.

கேமராவே தானாக ஃபோகஸ் செய்துகொள்ளும் வசதி அவரிடம் இருந்தது. ஆனால் அதை அணைத்தே வைத்திருப்பார். ஏனென்று ஒருமுறை கேட்டேன். "அது எது கிட்ட இருக்கோ அதைத்தான் பிடிக்கும். நமக்கு வேணுங்கறது எப்பவும் கொஞ்சம் பின்னால இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்ததும் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பார். கண்ணில் கூர்மை இல்லையென்றால், எவ்வளவு அழகான படமானாலும் அழித்துவிடுவார். கெஞ்சினாலும் விடமாட்டார்.

ஒரு நாள் விளக்குப் பெட்டியில், நேராக இருக்க வேண்டிய பற்றவைப்புக் கோடு நடுவில் நெளிந்து தெரிந்திருக்கிறது. படத்தில்தான் கோளாறு என்று நினைத்து வேறொரு படத்தை மாட்டினார். அதிலும் நெளிந்தது. புத்தூரில் கண் டாக்டரைப் பார்க்க நான்தான் கூடப் போனேன். விழித்திரையின் மையம் கெட்டுக்கொண்டிருக்கிறது, ஊசி போட்டு வேகத்தைக் குறைக்கலாம், போன பார்வை திரும்புவது கடினம் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஓரப் பார்வை இருக்குமா டாக்டர்?" இருக்கும் என்றார். அண்ணி தலையாட்டிக்கொண்டார்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தார். பார்க்க வருகிறவர்களின் முகம் தெரிய, அவர்கள் காதைப் பார்ப்பதுபோலச் சற்றே விலகிப் பார்ப்பார். கேமரா பீரோவுக்குள் போய்விட்டது.

என் கணவர் புதிய கேமரா ஒன்று வாங்கி வந்தார். பறவையோ விலங்கோ, அதன் கண்ணைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் சின்னக் கட்டம் போட்டுக்கொண்டு, அது நகர்ந்தால் கூடவே நகருமாம். அண்ணி அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"மெஷின் பார்த்ததை நான் எடுத்தேன்னு சொல்லவா?"

கேமரா மாதக்கணக்கில் அந்த மேசைமேலேயே கிடந்தது. அதன்மேல் தூசி படியாமல் அண்ணி துடைத்து வைத்திருந்ததை மட்டும் நான் கவனித்தேன்.

தை பிறந்து பனி விலகாத ஒரு காலையில் அண்ணி போன் செய்தார். நடக்கப் போன இடத்தில் நீர்நாய் சத்தம் கேட்டதாம். "சீட்டியடிக்கிற மாதிரி. குட்டிங்க சத்தமும் இருந்துச்சு. நீ வரியா? அதையும் எடுத்துட்டுப் போலாம்." மேசைமேல் இருந்த கேமராவைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது.

வெள்ளம் வடிந்த கொள்ளிடம் மணல் திட்டுகளாகவும் மடுக்களாகவும் பிரிந்து கிடந்தது. ஒரு மடுவின் எதிர்க்கரை முழுக்க நாணல். ஸ்டாண்டில் கேமராவை மாட்டி, திரையை என் பக்கம் திருப்பிவிட்டார். "நீ திரையைப் பாரு. நான் ஆத்தைப் பாக்கறேன். கட்டம் எங்க நிக்குதுன்னு மட்டும் சொல்லு." மணலில் உட்கார்ந்தோம். வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அண்ணியின் தலை இடது பக்கம் லேசாகத் திரும்பியது. நேராகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்த நான் கவனிக்காத அசைவு அவருடைய ஓரக்கண்ணில் பட்டிருந்தது. லென்ஸை அங்கே திருப்பினார்.

"எங்க நிக்குது?"

"நாணல்ல அண்ணி. நாணலைத்தான் பிடிக்குது."

"பின்னால பழுப்பா ஏதாவது அசையுதா?"

அசைந்தது. ஆனால் கட்டம் ஒரு நாணல் தண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டேயிருந்தது. அண்ணி மூச்சை நிறுத்தினார். அந்த இரண்டு விரல்கள் வளையத்தைத் தொட்டன. எத்தனை தூரத்துக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது விரலுக்குத் தெரிந்திருந்தது. திரையில் நாணல்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. அவற்றுக்குப் பின்னாலிருந்து, தண்ணீருக்கடியிலிருந்து மேலே வருவதுபோல, தட்டையான தலையும் மீசையுமாக ஒரு முகம் வந்தது. அது அரைகுறையாகத் தெளிந்த நொடியில் கட்டம் பாய்ந்து போய் அதன் கண்மேல் உட்கார்ந்தது.

"கண்ணுல நிக்குது அண்ணி."

பொத்தானை அழுத்தினார்.

தாய் நீர்நாய் குட்டியொன்றைப் பிடரியில் கவ்வித் தண்ணீருக்குள் இழுத்தது. குட்டி கரைக்குத் திமிறி ஓடியது. மறுபடியும் இழுத்தது. மூன்றாவதோ நான்காவதோ முறை குட்டி தானாக மிதந்தது. மிதக்கிறோம் என்பது அதற்கே புரியாததுபோல் அப்படியே நின்று, எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. கட்டம் தாயிடமிருந்து குட்டிக்குத் தாவி அதன் கண்ணில் நின்றது. அந்த நேரத்தில் நான் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் அண்ணி சரியான நேரத்தில் அழுத்தியிருந்தார். எப்படி என்று பிறகு கேட்டேன். "நீ மூச்சை நிறுத்தின சத்தம் கேட்டுச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து படங்களை டிவியில் போட்டேன். நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது. "கண்ணு கூர்மையா இருக்கா? நீ சொல்றதுதான். இல்லேன்னா அழிச்சிடு." முன்பெல்லாம் அவரே பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்வார். இப்போது நான் பொய் சொன்னால் அவருக்குத் தெரிய வழியே இல்லை. மங்கலாக இருந்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். குட்டியின் முகத்தைப் பெரிதாக்கினேன். மீசை மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நீர்த்துளி இருந்தது. கருப்பு மணிபோன்ற கண்ணுக்குள் காலை வானம் இருந்தது. எனக்குப் பொய் சொல்லத் தேவையே வரவில்லை.

"இருக்கு அண்ணி. நல்லா இருக்கு" என்றேன்.

அண்ணி எழுந்து டிவிக்கு அருகில் போனார். முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டித் திரையில் விரலை வைத்தார்.

"இங்கதான?"

விரல் குட்டியின் கண்மேல் இருந்தது.

"அங்கதான் அண்ணி."

விரலை எடுக்காமலே நின்றார். காபிக்கு நான் அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கிய சத்தம் கேட்டும் நாங்கள் இருவரும் நகரவில்லை. பிறகு, வழக்கமான குரலில், நாளைக்கு ஸ்கூல் லீவா என்று கேட்டார்.

இல்லை. ஆனால் லீவு போட்டேன்.