கிருத்திகைக்கு மறுநாள் பார்த்த நட்சத்திரம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியனைவிடப் பல மடங்கு பெருத்துப்போன ராட்சத நட்சத்திரம். அதைச் சுற்றும் கிரகம் கண்ணுக்குத் தெரியாது. கிரகம் இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் நம் பக்கம் வருவதும் விலகுவதுமாக லேசாக ஆடும். அந்த ஆட்டத்தை அதன் ஒளியிலிருந்து அளப்பதுதான் என் ஆராய்ச்சி. கிரகம் கிடைத்தால் டாக்டர் பட்டம். இல்லையென்றால் அத்தனை வருஷமும் கோவிந்தா.

எங்கள் வீடு திருத்தணி மலையடிவாரத்தில். கிருத்திகைதோறும் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு எங்கள் குடும்பம் சோறு போடும். சாம்பார் அண்டா என் பொறுப்பு. வானாய்வுக்கூடத்துத் தொலைநோக்கியில் மாதம் ஓர் இரவு எனக்கு என்றார்கள். கிருத்திகைக்கு மறுநாளையே கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலூர் பஸ் ஏறினால் இருட்டுமுன் அங்கே போய்ச் சேரச் சரியாக இருக்கும்.

மூன்று வருஷத்து அளவுகளும் அழகான அலையாக விழுந்தன. ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வரும் கிரகம். அப்பாவிடம் சொன்னேன்; நாங்கள் நைனா என்போம். அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

கட்டுரையை அனுப்புமுன் தேதிகளைச் சரிபார்க்க வீட்டுக் காலண்டர்களை எடுத்தேன். எல்லாத் தேதிக்கும் முந்தின கட்டத்தில் கிருத்திகை. விரல் விட்டு நாட்களை எண்ணினேன். இருபத்தேழேகால் நாளைக்கு ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். ராட்சத நட்சத்திரங்கள் கிரகமே இல்லாமலும் தாமாக உப்பிச் சுருங்கும்; அப்போதும் மேற்பரப்பு நம் பக்கம் வந்து விலகும். அது இருபத்தாறு நாளுக்கு ஒருமுறை நடந்தால், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சொச்சம் தள்ளியே பார்க்கும் என் கணக்கில் ஒன்றரை வருஷமாகத் தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் வேகமாக ஓடும் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதுபோலத் தெரியுமே, அந்த ஏமாற்று.

தை கிருத்திகையையும் சேர்த்துத் தொடர்ந்து பதினைந்து இரவு கேட்டு வாங்கினேன்.

"கிருத்திகைக்கு வரமாட்டியா? அண்டாவ யாரு பாத்துக்கறது?" என்றார் நைனா போனில்.

"இந்த ஒரு தபா மட்டும், நைனா."

போனை வைத்துவிட்டார்.

கிரகத்துக்கு ஒன்றரை வருஷம் பிடிக்க வேண்டிய ஆட்டத்தில் பாதியை நட்சத்திரம் தானாகவே இரண்டு வாரத்தில் ஆடி முடித்தது. கிரகம் இல்லை. அழுகை வந்தது. டீ குடித்துவிட்டுக் கட்டுரையை அழித்தேன்.

வீட்டுக்குப் போனபோது நைனா வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கெரகம் இல்லியாமே?"

"இல்ல, நைனா."

"மூணு வருசம் கிருத்திகைக்குத் தவறாம வந்த, இருந்துச்சி. ஒருவாட்டி வரல, பூடுச்சி. அப்படித்தான?"

யோசித்துப் பார்த்தேன். அதில் திருத்துவதற்கு எனக்கு எதுவும் அகப்படவில்லை.

"ஆங், நைனா" என்றேன்.