ஒரு பழம், இரண்டு கொட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் இலங்கையின் மருதமுனையில் என் பல்வரிசையைப் புகழாத பெண்கள் குறைவு. ஆனால் பல் தீட்டும்போது கீழ்முரசில், அந்த ஈறில், இரத்தம் கசியும். விழுங்கிவிட்டால் நோன்பு முறிந்துவிடுமே என்று பயந்து, ஒரு நோன்பு மாதத்தில் அந்தப் பக்கத்தைத் தீட்டாமல் விட்டேன். இரத்தம் கண்ணில் படவில்லை. பெருநாள் முடிந்தும், பல வருடங்கள் அப்படியே விட்டுவிட்டேன்.

முப்பது வயதில் ஒரு நோன்பு நாள், அந்திக்கு மஃரிப் பாங்கு சொன்னதும் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை மென்று கொட்டையைக் கையில் துப்பினேன். பின்னாலேயே இன்னொன்றும் வந்தது.

“ராத்தா, இந்தப் பழத்துல ரெண்டு கொட்ட இரிக்கி” என்று அக்காவிடம் நீட்டினேன்.

அவள் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள். முகம் மாறிவிட்டது.

“கொட்ட இல்ல புள்ள. உன்ட பல்லு. நோகல்லியா?”

நோகவே இல்லை. வெள்ளை வெளேரென்று, ஒரு சொத்தை இல்லாத பல்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர், “ரத்தம் வந்த இடத்தத்தான் நல்லாத் தீட்டியிருக்கணும்” என்றபடி பக்கத்துப் பல்லைத் தொட்டார். அதுவும் ஆடியது.

இன்றும் பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டே வாயில் போடுகிறேன். வாயிலிருந்து கெட்டியாக எதையும் கையில் வாங்க எனக்குத் தைரியமில்லை.