சால்வைக்கு வராதவர்கள்

எட்டாம் வகுப்போடு நின்று நாலு ஊர் சுற்றிவிட்டுத் திண்டுக்கல் வந்தபோது, ஒரு சேவைச் சங்கம் எனக்கு இலவசமாக வேன் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. பயிற்சி முடித்தவர்கள் சங்கத்தை விட்டுப் போய்விடக் கூடாது என்று வருடம் ஒருமுறை கூட்டம் போடுவார்கள். மேடையில் ஏற்றிச் சால்வை போட்டு, பயிற்சிக்கு முன்பு எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்று பேசச் சொல்வார்கள். முதல் வருடம் பன்னிரண்டு பேர் பேசினோம். அடுத்த வருடம் நான் மட்டும் போனேன். அன்றைக்கு எனக்கு வேலை இல்லை.

டயர் கடை வைத்திருந்த செயலாளர் காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"ஏப்பா, ஒருத்தனையும் காணோம்? இப்படியே போனா சங்கத்துல பயிற்சியவே நிறுத்திப்புடுவாங்க."

"வந்து என்னண்ணே செய்ய? பட்ட கஷ்டத்தப் போன வருசமே சொல்லியாச்சு. புதுசா ஒண்ணும் படலையே."

அவர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம வடமதுரையில கண் முகாம். ஊர் ஊராப் போயி பெருசுகளக் கூட்டியாரணும். வேன் இருக்கு, ஓட்ட ஆளில்ல. வாரியா?"

"இத மொதல்லயே கேட்டிருக்கலாம்லண்ணே."

மற்றவர்களுக்கு நானே போன் செய்தேன். மேடை கிடையாது, வேலைதான் என்றேன். ஏழு பேர் வந்தார்கள். வேன் மூன்றுதான் இருந்தது. யார் ஓட்டுவது என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். செயலாளர் நடுவில் புகுந்து விலக்கினார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.